ஒற்றை ஸ்ட்ரோலரா, இரட்டை ஸ்ட்ரோலரா? விலையைப் பார்க்கும் முன் மாதங்களை எண்ணுங்கள்!

பெரியவளுக்கு இரண்டே கால் வயது. சின்னவன் பிறந்து மூன்று மாதம். பிள்ளைப்பேறு பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த பாட்டி, சாங்கி விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டரை மணி. அப்பா வேலைக்குக் கிளம்பியாயிற்று. பெரியவளைப் பாலர் பள்ளியில் விட வேண்டும். சின்னவன் இப்போதுதான் பால் குடித்து முடித்திருக்கிறான். பத்தாவது மாடி வீட்டு வாசலில் அம்மா நிற்கிறார். கை இரண்டு, பிள்ளை இரண்டு, பை ஒன்று. லிஃப்ட் பொத்தானை அழுத்த இன்னொரு கை வேண்டும்!

சிங்கப்பூரின் பொங்கோல் பகுதியில் இப்படி ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர் பெயரை மாற்றினால் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் சிட்னிக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டில் அத்தையோ சித்தியோ இல்லாத எந்த ஊரிலும், இரண்டாவது குழந்தை பிறந்ததும் வரும் முதல் பெரிய கேள்வி, 'வெளியே எப்படிப் போவது?' என்பதுதான்.

கடையில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, கைக்கு அடக்கமாக மடியும் சிறிய ஒற்றை ஸ்ட்ரோலர். இன்னொன்று, இப்போது ஒற்றையாகவும் பிறகு இன்னொரு சீட் மாட்டி இரட்டையாகவும் மாற்றிக்கொள்ளும் பெரிய ஸ்ட்ரோலர். 'குழந்தை இரண்டு, அதனால் சீட்டும் இரண்டு' என்று கணக்குப் போட்டு வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால், இந்தக் கணக்கில் எண்ண வேண்டியது குழந்தைகளை அல்ல, மாதங்களை!

தாத்தா செய்த வண்டி

சிறிய ஸ்ட்ரோலரின் கதையே ஒரு தாத்தாவிடமிருந்துதான் தொடங்குகிறது. ஓவன் மெக்லாரன் என்பவர் இங்கிலாந்தில் விமானப் பொறியாளராக இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த மகள், பேரக்குழந்தையையும் கனமான குழந்தை வண்டியையும் வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்தார். விமானத்தில் பயன்படும் அலுமினியக் குழாய், மடங்கும் சக்கரம் என்ற தன் தொழில் அறிவை அப்படியே குழந்தை வண்டிக்குக் கொண்டுவந்தார். குடை போல மடியும் அவருடைய ஸ்ட்ரோலர் 1965-ல் உருவானது. எடை மூன்று கிலோவுக்கும் குறைவு.

அன்றைக்கு அவர் தீர்க்க நினைத்த பிரச்னை, 'ஒரு கையில் குழந்தை இருக்கும்போது இன்னொரு கையால் வண்டியைத் தூக்க முடிய வேண்டும்' என்பது. இன்றைக்கும் ஸ்ட்ரோலர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்றைய சிறிய ஸ்ட்ரோலர்கள் பெரும்பாலும் ஆறேழு கிலோ எடையில் வருகின்றன. விமானத்தில் தலைக்கு மேலே இருக்கும் பெட்டியில் வைக்கும் அளவுக்கு மடியும் மாடல்களும் உண்டு. விரியும் இரட்டை ஸ்ட்ரோலர்கள் ஒரு சீட்டுடனேயே 12 கிலோவைத் தாண்டலாம்; இரண்டாவது சீட்டும் சேர்ந்தால் 15 கிலோ வரை போகும். அவற்றிலும் இரண்டு வகை. பக்கத்தில் பக்கத்தில் சீட் உள்ளவை அகலம் கூடும். இந்த வகையில் பெயர்பெற்ற புகாபூ டாங்கி, ஒற்றையாக இருக்கும்போது 60 சென்டிமீட்டர் அகலம். இரட்டையாக விரித்தால் 74. மேலும் கீழுமாகவோ, முன்னும் பின்னுமாகவோ சீட் உள்ளவை அகலத்தில் கூடாது. ஆனால் நீளமும் முன்பக்க பாரமும் கூடும். கீழ் சீட்டில் இருக்கும் குழந்தைக்கு இடமும் காற்றும் வேடிக்கையும் கொஞ்சம் குறைவு.

முதல் கணக்கு: எத்தனை மாதம்?

நம் பொங்கோல் வீட்டுக்கே வருவோம். சின்னவன் பிறந்தபோது பெரியவளுக்கு இரண்டு வயது. குழந்தைகள் சுமார் மூன்று வயதில், பக்கத்து இடங்களுக்கு நடந்தே வரப் பழகிவிடுவார்கள். அப்படியானால் இருவரும் சேர்ந்து உட்காரக்கூடிய காலம் ஏறக்குறைய 12 மாதம்.

அதில் முதல் 40 நாள், பெரும்பாலான தமிழ் வீடுகளில் தாயும் சேயும் வீட்டோடுதான். அடுத்த ஒன்றரை மாதம் பாட்டி கூடவே இருந்தார். அவர் ஒரு குழந்தை, அம்மா ஒரு குழந்தை. மீதி இருப்பது சுமார் ஒன்பது மாதம். அதிலும் சனி, ஞாயிறு அப்பா கூட இருப்பார். ஆக, இரட்டை ஸ்ட்ரோலர் உண்மையிலேயே தேவைப்படுவது ஒன்பது மாதத்தின் வார நாட்களில் மட்டும்.

இதே கணக்கை இடைவெளி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் மூன்று வருடம், யோசிக்கவே வேண்டாம். ஒன்றே கால் வயது இடைவெளி என்றால் ஒன்றே முக்கால் வருடம். மூன்று வயது இடைவெளி என்றால் அநேகமாக ஒன்றுமே இல்லை.

முதல் குழந்தைக்கே, 'எப்படியும் இன்னொன்று பிறக்கும்' என்று விரியும் ஸ்ட்ரோலரை வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது பிறக்கும்வரை, ஒரு குழந்தைக்காக இரண்டு குழந்தைகளின் வண்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்பதையும் அந்த விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கணக்கு: எத்தனை கிலோ?

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஆறு மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ. இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கு 12.7 கிலோ. இருவரையும் 15 கிலோ வண்டியில் உட்கார வைத்தால் மொத்தம் 35 கிலோவைத் தாண்டும். அடியில் இருக்கும் கூடையில் அரிசியும் பாலும் டயப்பரும் வைத்தால் 40 கிலோ.

சமதளத்தில் இது பெரிய விஷயமில்லை. நல்ல சக்கரம் இருந்தால் ஒரு கையாலேயே உருளும். ஆனால், நடைபாதை விளிம்பில் ஏற்றும்போதும் சரிவில் இறக்கும்போதும் முழு பாரமும் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் வரும். சிசேரியன் ஆன தாய்மார்களிடம், முதல் ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். தள்ளுவது வேறு, டாக்ஸியின் டிக்கியில் 15 கிலோவைத் தூக்கி வைப்பது வேறு.

தள்ளப்போவது யார் என்பதும் முக்கியம். மூட்டுவலி உள்ள பாட்டிக்குக் கனமான வண்டியை வளைவில் திருப்புவது கஷ்டம். அதே சமயம், உயரம் மாற்றக்கூடிய கைப்பிடி உள்ள வண்டி என்றால் அப்பாவும் குனிய வேண்டாம், பாட்டியும் எக்க வேண்டாம்.

எடையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல ஸ்ட்ரோலர் சீட்டுகளின் எடை வரம்பு 15 கிலோ. புதிய மாடல்கள் சிலவற்றில் 22 கிலோ. மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர எடையே 14 கிலோவை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் புஷ்டியான குழந்தை என்றால், இரண்டாவது சீட் வாங்கிய சில மாதத்திலேயே வரம்பைத் தொட்டுவிடும். சீட்டுக்குச் சீட் வரம்பு மாறும் என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இருவரும் ஒன்றாகத் தூங்கிவிட்டால்?

இரட்டை வண்டி வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களுக்குக் கடையில் முதலில் காட்டுவது, ஒற்றை ஸ்ட்ரோலரின் பின்னால் மாட்டும் சக்கரப் பலகை. பெரிய குழந்தை அதில் நின்றுகொண்டே வரலாம். இரண்டு வயதுக்கு மேல், பெரும்பாலும் 20 கிலோ வரை தாங்கும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு, சண்டையில்லாமல் வருவார்கள்.

காலையில் பாலர் பள்ளிக்குப் போகும்போது இது அருமையான ஏற்பாடு. ஆனால், மதியம் 12 மணிக்குத் திரும்பும்போது? விளையாடிக் களைத்து, சாப்பிட்டு, பாதிக் கண் சொருகிய இரண்டு வயதுக் குழந்தையைப் பலகையில் நிற்க வைக்க முடியாது. தூங்கும் குழந்தைக்குப் பலகை உதவாது.

அதனால் இந்த முடிவுக்கான சரியான சோதனைக் கேள்வி இதுதான்: அம்மா தனியாக இருக்கும் நேரத்தில், வீட்டிலிருந்து தூரமான இடத்தில், இருவரும் ஒன்றாகத் தூங்கிவிட்டால் என்ன செய்வது?

இதற்கு இரண்டு பதில்தான் உண்டு. ஒன்று, இரட்டை ஸ்ட்ரோலர். இன்னொன்று, சின்னவனை மார்போடு அணைத்துக் கட்டும் பேபி கேரியர். பெரியவள் ஒற்றை ஸ்ட்ரோலரில். நம் ஊரில் புடவையில் தூளி கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன தாய்மார்களின் வழிதான் இது. பெல்ட்டும் பக்கிளும் மட்டும் புதிது.

கேரியரில் ஒரு வசதி, பிறந்த குழந்தைக்கு சீட் தேட வேண்டியதில்லை. ஏனென்றால், தலை நிற்காத குழந்தையைச் சாய்வு சீட்டில் உட்கார வைக்கக் கூடாது. முழுக்கப் படுக்க வைக்கும் வசதி வேண்டும். பல சிறிய ஸ்ட்ரோலர்களில் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் உட்கார வைக்க முடியும்.

கேரியரில் வைக்கும்போது குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடை மார்பில் அழுந்தக் கூடாது, மூச்சுக்கு இடைஞ்சலாகிவிடும். சிசேரியன் ஆனவர்களும் முதுகுவலி உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. குழந்தை எட்டு ஒன்பது கிலோ ஆகும்போது எல்லா முதுகும் ஒத்துழைக்காது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

லிஃப்ட், பேருந்து, வாசல்

வண்டி வீட்டுக்கு வந்தபிறகுதான் பலருக்கு அளவு ஞாபகம் வரும். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் எங்கே நிறுத்துவது? வீட்டுக்குள் இடமில்லை என்று வாசலில் விட்டால், தீப்பாதுகாப்பு விதி குறுக்கே வரும். ஆபத்து நேரத்தில் எல்லோரும் வெளியேறுவதற்காகப் பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மடித்து வைத்த சிறிய ஸ்ட்ரோலர் கதவுக்குப் பின்னாலேயே ஒதுங்கிக்கொள்ளும்.

சிங்கப்பூர்ப் பொதுப் பேருந்துகளில் முன்பெல்லாம் ஸ்ட்ரோலரை மடித்துத்தான் ஏற வேண்டும். 2017-லிருந்து விரித்தபடியே ஏறலாம். ஆனால், சக்கர நாற்காலியில் வருபவருக்குத்தான் அந்த இடத்தில் முதல் உரிமை. அவர் வந்தால் ஸ்ட்ரோலரை மடித்து ஒதுக்க வேண்டும். ஒற்றை என்றால் குழந்தையை எடுத்துக்கொண்டு ஒரு கையால் மடித்துவிடலாம். இரட்டை என்றால்? பல மாடல்களில் இரண்டாவது சீட்டைக் கழற்றினால்தான் வண்டியே மடியும். இரண்டு குழந்தைகளையும் ஓடும் பேருந்தில் எங்கே உட்கார வைத்துவிட்டுக் கழற்றுவது?

ரயில் பரவாயில்லை. பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. நிலையத்தில் லிஃப்ட் உண்டு, அகலமான நுழைவாயிலும் உண்டு. எஸ்கலேட்டரில் மட்டும் எந்த ஸ்ட்ரோலரையும் ஏற்றக் கூடாது. ஆனால், தேக்காவில் இறங்கிக் கறிவேப்பிலையும் மல்லிகைப் பூவும் வாங்கக் கடைவரிசைக்குள் நுழைந்தால், ஒருபக்கம் காய்கறிக் கூடை, மறுபக்கம் மாலைக் கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் 74 சென்டிமீட்டர் வண்டியோடு போகிறவர், அடிக்கு ஒருமுறை 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்ல வேண்டியிருக்கும்.

விடுமுறைக்குத் திருச்சிக்கு வந்தால் கணக்கு இன்னும் மாறும். நடைபாதை இருக்கும் இடத்தில் அதன்மேல் பைக் நிற்கும். இல்லாத இடத்தில் சாலையோரம் மணல். மலைக்கோட்டையின் 400-க்கும் மேற்பட்ட படிகளுக்கு எந்த ஸ்ட்ரோலரும் உதவாது. அங்கே தாத்தாவின் தோள்தான். விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் மடித்துத் தோளில் மாட்டும் வண்டிக்கே மரியாதை. கேபினுக்குள் கொண்டுபோகும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளவும்.

அப்படியானால் யாருக்கு எது?

விரியும் இரட்டை ஸ்ட்ரோலர்: இரட்டைக் குழந்தைகள் அல்லது ஒன்றரை வயதுக்கும் குறைவான இடைவெளி உள்ள வீடு. தினமும் 15, 20 நிமிடம் இருவரோடும் தனியாக நடக்க வேண்டியவர். முதுகுவலியாலோ அறுவை சிகிச்சையாலோ கேரியர் கட்ட முடியாதவர். லிஃப்ட், சரிவுப்பாதை, வீட்டுக்குள் நிறுத்த இடம் மூன்றும் இருக்கிறவர். இவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை; அவசியம்.

சிறிய ஒற்றை ஸ்ட்ரோலரும் கேரியரும்: ஒன்றரை முதல் இரண்டரை வயது இடைவெளி. அடிக்கடி பேருந்து, டாக்ஸி, விமானம். லிஃப்ட் இல்லாத மாடி வீடு.

சிறிய ஒற்றை ஸ்ட்ரோலரும் சக்கரப் பலகையும்: இரண்டரை வயதுக்கு மேல் இடைவெளி. பெரிய குழந்தை நடக்கும். கால் வலித்தால் மட்டும் ஏறிக்கொள்ளும்.

எதிலும் சேராமல் நடுவில் நிற்கிறவர்கள் உடனே வாங்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எங்கே போனோம், யார் கூட வந்தார், பெரிய குழந்தை எவ்வளவு தூரம் நடந்தது? ஏழு நாள் தாளே பதிலைச் சொல்லிவிடும். முடிந்தால், நண்பர் வீட்டு இரட்டை ஸ்ட்ரோலரை இரண்டு நாள் கடன் வாங்கி ஓட்டிப் பாருங்கள். ஒன்பது மாதத் தேவைக்குப் பழைய வண்டி வாங்குவதும் தவறில்லை. பிரேக், பெல்ட், மடிக்கும் கீல் மூன்றையும் சோதித்து, அந்த மாடல்மீது பாதுகாப்பு எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள். 2009-ல் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்கு அப்படி எச்சரிக்கை வந்தது. மடிக்கும் கீலில் குழந்தைகளின் விரல் சிக்கிக் காயமானதால், கீலை மூடும் உறைகளை நிறுவனம் கொடுத்தது. எந்த வண்டியானாலும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தைகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

* கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, மறு கையால் மடித்து விரித்துப் பாருங்கள். விற்பனையாளர் செய்து காட்டுவது கணக்கில் வராது.
* மடித்த வண்டியைத் தூக்கி ஐந்து படி ஏறிப் பாருங்கள்.
* இரட்டை என்றால், இரண்டு சீட்டிலும் குழந்தைகளோ, அதே எடையில் பைகளோ வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு சீட்டில் மட்டும் வைத்தால் சாய்கிறதா என்றும் பாருங்கள்.
* இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இரு சீட்டிலும் இருக்க வேண்டும்.
* வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, கார் டிக்கி மூன்றின் அளவையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள்.

வாங்கியபின் இரண்டு பழக்கம் வேண்டாம். கைப்பிடியில் கனமான பைகளைத் தொங்கவிட்டால், குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் கவிழும். வெயிலுக்காகத் துணியால் முழுக்க மூடினால், உள்ளே காற்றில்லாமல் சூடு ஏறும். வண்டியோடு வரும் நிழல்கூரையே போதும்.

எட்டரை மணிக்கு…

பொங்கோல் வீட்டு அம்மாவுக்கு என்ன பதில்? சுகப்பிரசவம், முதுகில் வலி இல்லை. பாலர் பள்ளி ஐந்து நிமிட நடை. பெரியவளுக்கு வாங்கிய சிறிய ஸ்ட்ரோலர் வீட்டிலேயே இருக்கிறது. அவருக்கு ஒரு நல்ல கேரியர் போதும். பாட்டி கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, பாட்டி பின்னால் நடந்து வர, தனியாக இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தால் இன்னும் தைரியம் வந்திருக்கும். பள்ளி 20 நிமிடத் தொலைவில் இருந்தாலோ, சிசேரியன் ஆகியிருந்தாலோ அவருக்கும் இரட்டை ஸ்ட்ரோலர்தான் சரி. அப்போது, 'ஒன்பது மாதத்துக்கு இவ்வளவு செலவா?' என்று வீட்டில் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது.

ஏனென்றால், வெளியே போக வழியில்லாத தாய் நாளடைவில், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். கதவுக்கு உள்ளே நான்கு சுவரும் இரண்டு குழந்தைகளின் அழுகையும் மட்டும் என்றால், எவ்வளவு தைரியமான பெண்ணும் சோர்ந்துபோவார். தினமும் அரைமணி நேரம் வெளிக்காற்று, எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் நாலு வார்த்தை, பூங்காவில் இன்னொரு அம்மாவின் அறிமுகம் எல்லாமே தாய்க்கு மருந்துதான்.

அதனால் கடையில் நிற்கும்போது அப்பாக்கள் கேட்க வேண்டியது, 'எது பெரிசு, எது புதுசு?' என்பதல்ல. 'நான் இல்லாத நேரத்தில், இவளால் தனியாகப் பிள்ளைகளோடு கிளம்பிப் போய்வர எது உதவும்?' என்பதுதான். அந்த வண்டியை வாங்குங்கள். சீட் ஒன்றோ, இரண்டோ!